பள்ளிக்கூடத்தையும் ஏஞ்சாமி கூட்டியாந்தீங்க?

நான் எட்டாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் உக்காந்தவன். மூணாவது வருசம் வாத்தியாரே என் தோள்ல கையப் போட்டு, "ஆட்டுப்பட்டி உன்னைய எதிர்பாத்துக்கிட்டு இருக்குது, போயிட்டு வா ராசு"ன்னு மரியாதையாத் தாட்டி உட்டுட்டாரு. அதனால படிப்பைப் பத்தி நாயம் பேசறதுக்கு எனக்கு முழுத் தகுதி இருக்குதுங்க. படிச்சவங்க எல்லாம் எட்டாங்கிளாஸை ஒருக்காதான் பாத்திருப்பாங்க. நான் ரெண்டுக்கா பாத்தவன்.

போன சித்திரைல ஒருநாள் பொழுதோட, பெங்களூர்ல இருக்கற மகன் போன்ல முகங்காட்டிப் பேசுனான்.

"அப்பா, பசங்களை இனிமேல் பள்ளிக்கூடத்துக்குத் தாட்டறதில்லைன்னு முடிவு பண்ணிட்டமுங்க."

"ஏஞ்சாமி, பீசு கட்ட முடியலையா? ரெண்டு ஆட்டை வித்துத் தாட்டறேன்."

"அதில்லீங்ப்பா"ன்னு அவன் இழுக்கறதுக்குள்ள மருமக போனை வாங்கிக்கிட்டா. "மாமா, ஸ்கூல்ல கொழந்தைங்க இயல்பையே கெடுத்துடறாங்க. எல்லாரையும் ஒரே மாதிரி உக்கார வெச்சு, ஒரே மாதிரி எழுத வெச்சு, மணியடிச்சாத் தண்ணி, மணியடிச்சாச் சோறு. நாங்க வீட்டுக்கல்வி குடுக்கப் போறமுங்க. அதும் நம்ம ஊர்லயே, நம்ம ஊட்டுலயே."

எனக்குக் கசக்குமா? பேரனும் பேத்தியும் கண்ணு முன்னால ஓடிக்கிட்டு இருப்பாங்கன்னா, வேண்டாங்கறதுக்கு நான் என்ன மசையனா? எங்கூட்டுக்காரி அங்கயே நின்னபடி ரெண்டு சேவலுக்கு நாள் குறிச்சுப்போட்டா.

வந்து சேந்தாங்க. பேரனுக்கு எட்டு வயசு, பேத்திக்கு ஆறு. வண்டியில இருந்து சாமான் எறங்குச்சு பாருங்க, துணிமணி ரெண்டு பொட்டி, பாக்கியெல்லாம் படிப்பு. வெள்ளைப் பலகை, பளபளன்னு தாள் ஒட்டுன படம், ரெண்டு மேசை, ரெண்டு நாற்காலி. ஒரே வாரத்துல எங்க ஆசாரம் ஆரம்பப் பள்ளியாயிப் போச்சு. எங்கய்யன் போட்டோ மாட்டியிருந்த ஆணியில இங்கிலீசு எழுத்து இருபத்தாறும் தொங்குது. அதுக்குப் பக்கத்துல கால அட்டவணை. 9 மணி முதல் 9.40 வரை தமிழ். 9.40 முதல் 10.20 வரை கணக்கு. 11.10 முதல் 11.30 வரை சுதந்திர நேரம். சுதந்திரத்துக்கும் இருபது நிமிசம் அளந்து வெச்சிருந்தா மருமக அம்மிணி.

அதோட ஒரு பித்தளை மணி. வெடியால ஒம்பது மணிக்கு அம்மிணி அதை ஆட்டுனா, கட்டுத்தரையில படுத்திருக்கற மாடு கன்னெல்லாம் எந்திரிச்சு நின்னுக்கும். பேரன் தண்ணி தவிச்சா ஒரு விரலைத் தூக்கறான். சொந்த ஊட்டுல, சொந்தப் பானையில மோந்து குடிக்க, பெத்த தாய்கிட்ட உத்தரவு!

நான் திண்ணையில வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டேன். "அம்மிணி, பள்ளிக்கூடத்துல இருந்து பசங்களைக் கூட்டியாந்தீங்க, நெம்பச் சந்தோசம். பள்ளிக்கூடத்தையும் ஏஞ்சாமி கூட்டியாந்தீங்க?"

ரெண்டு நாளைக்கு எனக்குக் காப்பித்தண்ணியில சக்கரை கொஞ்சம் கம்மியா இருந்துச்சு.

மூணாம் நாள் மகன் சமாதானத்துக்கு வந்தான். "அப்பா, உங்களுக்குத் தெரியாது. பல்பு கண்டுபுடிச்ச எடிசனு பள்ளிக்கூடத்துக்குச் சில மாசந்தான் போனாரு. அவங்கம்மாதான் ஊட்டுலயே சொல்லிக்குடுத்தாங்க."

"ஏனப்பா, அந்தம்மா என்ன வேலை பாத்தாங்களாமா?"

அவன் போன்ல தேடுனான். கண்ணாலத்துக்கு முன்னால பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாம்! "அப்ப அந்தப் பையன் பள்ளிக்கூடத்தை உட்டாலும் வாத்தியாரு அவனை உடலியாக்கும்"னேன். மகன் போனை மடியில கவுத்து வெச்சுக்கிட்டான்.

அம்மிணி ஒரு அடுக்குப் பொஸ்தகம் வெச்சிருந்தா. பகல்ல தூக்கம் வராத கெழவனுக்கு வேறென்ன வேலை, ஒண்ணொண்ணா எடுத்துப் படத்தைப் பாக்கறதும், தமிழ்ல இருக்கறதை எழுத்துக் கூட்டிப் படிக்கறதும், தெரியாததை அம்மிணிகிட்டயே கேக்கறதுமா இருந்தேன். ஜான் ஹோல்ட்டுன்னு ஒருத்தரு அமெரிக்காக்காரரு. கொழந்தைங்க எப்படித் தோத்துப் போறாங்கன்னு 1964ல ஒரு பொஸ்தகம் போட்டாரு. பள்ளிக்கூடம் திருந்தாதுன்னு மனசு உட்டுப்போயி, 1977ல பள்ளிக்கூடமில்லாம பிள்ளை வளக்கறவங்களுக்குன்னே பத்திரிகை ஆரம்பிச்சாரு. கொழந்தையை அதும்போக்குல உடுங்க, அதுவே கத்துக்கும்ங்கறது அவரு நாயம். நல்ல நாயந்தான். "அவருக்கு எத்தனை கொழந்தைங்க அம்மிணி?"ன்னு கேட்டேன். அவரு கண்ணாலமே பண்ணிக்கலைன்னா. சரி, அடுத்த தோட்டத்துப் பயிரு எப்பவும் பச்சையாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு சொல்லோணும், அந்த மனுசன் பல வருசம் வகுப்புல நின்னு, பசங்க மூஞ்சியை உத்து உத்துப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காரு. நம்மாளுக பாதிப்பேரு அவரு பொஸ்தகத்தை உத்துப் பாக்கறாங்களே தவிர, பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளை மூஞ்சியைப் பாக்கறதில்லை.

அடுத்தது மாண்டிசோரியம்மா. இந்தம்மா கதை எனக்கு நெம்பப் புடிச்சுப் போச்சுங்க, ஏன்னா நம்ம சீமையில இருந்த அம்மா. இத்தாலிக்காரங்க. பாடஞ்சொல்லிக் குடுக்கறவங்களுக்குப் பாடஞ்சொல்ல 1939ல மெட்ராஸ் அடையாறுக்கு வந்தாங்க. வந்த எடத்துல உலக யுத்தம். 1940ல இத்தாலி எதிர்க்கட்சியில சேந்ததும், வெள்ளைக்காரன் இந்தம்மாவையும் எதிரி நாட்டாளுன்னு எழுதிப்போட்டான். மகனைப் புடிச்சு முகாம்ல அடைச்சுட்டு, எழுவது வயசாகப்போற அம்மாவை அடையாறு தோட்டத்தை உட்டு அசையக்கூடாதுன்னுட்டான். பொறகு அந்தம்மாவோட எழுவதாவது பொறந்தநாளுக்குத்தான் மகனை உட்டானாமா. கோடைக்கானல்லயும் ரெண்டு வருசத்துக்குக் கொறையாம இருந்திருக்காங்க. அங்க காட்டுல பூச்சி, பூவு, எலைன்னு பசங்களோட பசங்களா அலைஞ்சு, ஆறு வயசுக்கு மேல இருக்கற கொழந்தைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கலாங்கறதை அங்கதான் நெறையா யோசிச்சாங்களாமா. 1946 வரைக்கும் ஊரு திரும்பலை.

அது கெடக்கட்டும். 1907ல ரோம்ல அவங்க தொறந்த மொதல் எடம் எதுன்னு கேட்டேன். கூலி வேலைக்குப் போறவங்க குடியிருந்த வளவுல, தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் நாதியில்லாம படிக்கட்டுல உருண்டுக்கிட்டு இருந்த பசங்களுக்காகத் தொறந்ததாமா. அதுக்கு வெச்ச பேரு பள்ளிக்கூடமில்லை, குழந்தைகள் வீடு. அங்க பொம்மையைக் குடுத்தா ஓரமா வெச்சுட்டு, கூட்டறது, கழுவறது, ஊத்தறதுன்னு நெசமான வேலையைத்தான் பசங்க தேடிப் போச்சாமா.

"கேட்டுக்கோ அம்மிணி"ன்னேன். "அந்தம்மா பள்ளிக்கூடத்தை ஊடாக்குச்சு. நீ அவங்க பேரைச் சொல்லி ஊட்டைப் பள்ளிக்கூடம் ஆக்கிப்போட்டே."

இந்தத் தடவை சக்கரை கொறையலை. காப்பியே வல்லை.

ஆனாலும் நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு கேளுங்க. அன்னிக்கு வெடியால நடந்தது. பேத்தி முன்னால ஒரு மரத்தட்டு. அதுல ரெண்டு கிண்ணம், ஒரு கரண்டி. இந்தக் கிண்ணத்துல இருக்கற ராஜ்மா பயிறை அந்தக் கிண்ணத்துக்கு மாத்தோணும், பொறகு அங்கிருந்து இங்க மாத்தோணும். வாழ்க்கைத் திறன் பாடமாமா. கையும் கண்ணும் சேந்து வேலை செய்யறதுக்கு. அப்புடிக்கா பத்தடி தள்ளித் தாழ்வாரத்துல எங்கூட்டுக்காரி ஒரு சாக்கு நெலக்கடலையைக் கொட்டி, ஒண்டியா உக்காந்து தொலி உரிச்சுக்கிட்டு இருக்கறா. பேத்தி கண்ணு முழுக்க அந்தக் கடலை மேல. ஆத்தா பக்கத்துல போலாமான்னு கேக்குது. "பாடம் முடியட்டும்டா"ங்கறா அம்மிணி.

வாங்க, இங்கதான் நான் சொல்ல வந்ததே இருக்குது. தட்டுல இருக்கறது வேலையோட போட்டோ. தாழ்வாரத்துல இருக்கறது வேலை. கடலை உரிச்சா அதை ராத்திரி வறுத்துத் திங்கலாம். ராஜ்மாவை நூறுக்கா மாத்துனாலும் அது திரும்பக் கிண்ணத்துக்குத்தான் போவும். இந்த வித்தியாசம் ஆறு வயசுப் புள்ளைக்குத் தெரியும். எம்.டெக் படிச்சவங்களுக்குத்தான் நாம எடுத்துச் சொல்ல வேண்டியிருக்குது.

கணக்குக்கு வாறேன். ஒருநாள் பேரன் வெள்ளைப் பலகை முன்னால கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கறான். பலகையில அரையுங் காலும் கூட்டல் கணக்கு. மேல இருக்கற ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டி ரெண்டு, கீழ இருக்கற ரெண்டையும் நாலையும் கூட்டி ஆறு, ஆறுல ரெண்டு பங்குன்னு எழுதி வெச்சிருக்கறான். அம்மிணி நாலாவது தடவையா வட்டம் போட்டு, அதைப் பீட்சாவா வெட்டிக் காட்டறா. பையனுக்குப் பசிதான் எடுக்குதே தவிரக் கணக்கு வல்லை.

"அப்புனு, இங்க வா"ன்னேன். அட்டாலியில கெடந்த அளவுப் பாத்திரத்தையெல்லாம் எறக்குனேன். படி, உரி, உழக்கு, ஆழாக்கு. எங்கய்யன் காலத்துச் சாமான், அடியில முத்திரை கூடத் தேயாம இருக்குது. ஒரு மொறத்துல கம்பைக் கொட்டி, "இதுல எத்தனை ஊத்துனா அது நெறையும்னு பாரு"ன்னு உட்டுட்டு நான் பாக்கு வெட்டிக்கிட்டு இருந்தேன். பத்து நிமிசத்துல ஆளு கண்டுபுடிச்சுட்டான். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி.

"அப்ப உரிங்கறது அரைப்படி. உழக்குங்கறது காப்படி. அப்படித்தானுங் அப்பாரு?"

"அப்படித்தான். இப்ப அந்தப் படியில அரைப்படி கம்பு போடு. அதுமேல காப்படி போடு. போட்டதுக்கப்பறம் கம்பு ஏறுச்சா எறங்குச்சா?"

"ஏறுச்சு."

"நீ பலகையில எழுதுனது ஆறுல ரெண்டு. அது அரையை உடக் கம்மி. அரைப்படியோட காப்படி சேத்தா எப்படிக் கம்பு கொறையும்? எலி தின்னுருச்சா?"

பையன் படிக்குள்ள எட்டிப் பாக்கறான். இன்னொரு உழக்கு கொள்ளற எடம் காலியா இருக்குது. ஒரு உழக்கை எடுத்து ஊத்திப் பாத்தான், படி தலைதட்டி நின்னுச்சு. "அப்ப அது முக்காப்படிங்!"ன்னு கத்துனான் பாருங்க, வேலியில இருந்த ஒடக்கான் கீழ உழுந்துருச்சு. நான் கேக்காமயே, முக்காப்படிக்கு ஆறு ஆழாக்குன்னு அடுத்த கணக்கையும் அவனே போட்டான்.

எங்கய்யன் திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதிப் படிச்சவரு. எண்சுவடியைத் தலைகீழாச் சொல்லுவாரு. ஒண்ணை இருவது பங்கு வெச்சா ஒரு மா. மாவை நாலு பங்கு வெச்சா ஒரு காணி, அதாவது எம்பதுல ஒண்ணு. காணியை நாலு பங்கு வெச்சா ஒரு முந்திரி, முந்நூத்து இருவதுல ஒண்ணு. மாவையும் காணியையும் சேத்தா மாகாணி, பதினாறுல ஒண்ணு. பேருலயே கூட்டல் கணக்கு இருக்குது பாத்தீங்களா? இதையெல்லாம் சொல்லிப்போட்டு அந்தக் காலம் பொற்காலம்னு நான் உடுக்கை அடிக்க மாட்டேன். அதே திண்ணையில தப்பாச் சொன்ன பையனைக் கயித்துல கட்டித் தொங்க உடற கோதண்டமும் இருந்துச்சு. அதை மறைச்சுட்டு முந்திரிக் கணக்கை மட்டும் பேசறது பாதிப் படியில அளந்து முழுப் படிக்குக் காசு வாங்கற மாதிரி.

பேத்திக்கு எண் சொல்லிக் குடுத்தது நானில்லீங்க, ஆடுக. எங்களது 22 உருப்படி. பொழுதோட கொறங்காட்டுல இருந்து பட்டிக்கு அடைக்கறப்போ படல் கிட்ட நின்னு எண்ணறது இப்ப அவ வேலை. ஒருநாள் நான் எண்ணி முடிக்கல, அவ சொல்றா, "அப்பாரு, கோணக்காது வல்லீங்க." எண்ணிப் பாத்தா 21. அவ எண்ணலை. மூஞ்சி மூஞ்சியாப் பாத்து, எது இல்லைன்னு கண்டுக்கிட்டா. போயித் தேடுனா, அக்கட்டக் கிளுவை வேலியில கொம்பு மாட்டி நின்னுக்கிட்டு இருக்குது கோணக்காது. ஒரு வாத்தியாரு முப்பது பசங்க இருக்கற வகுப்புல வருகைப் பதிவேட்டைப் பாத்து ஆளு கொறையறதைத் தெரிஞ்சுக்குவாரு. எம்பேத்தி மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கறா. ஊட்டுல படிக்கறதுல ஏதாச்சும் மேம்பாடு இருக்குதுன்னா அது இதுதான். எண்ணறதுக்கு முன்னால ஆட்டை அடையாளந் தெரியறது.

இதையெல்லாம் கேட்டதும் அம்மிணிக்கு மனசு எளகிப் போயி, "அப்ப மாமா நம்ம பக்கந்தான்"னு மகன்கிட்டச் சொல்லிட்டா. அப்படியெல்லாம் நான் லேசுல ஒரு பக்கமா விழுந்துருவனா? அடுத்த நாயத்தை எடுத்தேன்.

"சட்டம் என்னம்மா சொல்லுது?" 2009ல போட்ட கட்டாயக் கல்விச் சட்டம், 2010 ஏப்ரல் 1ல இருந்து நடப்புல இருக்குது. ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் புள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு அதுல எழுதியிருக்குது. ஊட்டுல படிக்க வெக்கறவங்களைப் பத்தி அதுல ஒரு வார்த்தை தனியா இல்லை. இவங்க வேலி மேல ஒடக்கானாட்ட உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கம் எறங்குனாத் தோட்டக்காரன், இந்தப் பக்கம் எறங்குனா ரோட்டுக்காரன். தேசியத் திறந்தநிலைப் பள்ளின்னு ஒண்ணு இருக்குது, அதுல மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்குச் சமமா மூணு படி பரீட்சை உண்டு. பதினாலு வயசு நெறைஞ்சாப் பத்தாவது எழுதலாம். கதவு அடைச்சுப் போகலை. ஆனா பாரத்தை நிரப்பறதுக்கு நாளு, தேதி, தாளு, கையெழுத்துன்னு இருக்குது. கொழந்தையைச் சுதந்திரமா உட்டவங்க அந்தத் தேதியையும் சுதந்திரமா உட்டுடக்கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்குதுங்க. பள்ளிக்கூடத்துக்குத் தாட்டறவங்க இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சட்டமே ஆறு வயசுல இருந்துதான் கணக்கெடுக்குது. நீங்க ரெண்டரை வயசுல, தொடை நனையறது கூட நிக்காத புள்ளைக்குக் கழுத்துல பட்டி கட்டி வண்டியில ஏத்தறீங்க. எங்களையெல்லாம் எப்படிச் சேத்துனாங்கன்னு தெரியுமா? வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவாங்க. தொட்டா ஒண்ணாவது. எட்டலைன்னா போயி ஒரு வருசம் வெளையாடிட்டு வா. தொட்டவனுக்கெல்லாம் ஜூன் மாசத்துல ஒரு தேதியை வாத்தியாரே போட்டுக் குடுப்பாரு. அரசாங்கக் கணக்குப்படி எங்க ஊர்ல முக்காவாசிப் பேரு ஜூன்லதான் பொறந்தோம். அதனால ஒருத்தனும் கெட்டுப் போகலை.

கொரோனா வந்துச்சே, அப்ப ஊரே வீட்டுக்கல்விதான் படிச்சுது. 2020 மார்ச்சுல சாத்துன பள்ளிக்கூடம், ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் இருக்கற பசங்களுக்கு 2021 நவம்பர் 1லதான் தொறந்துச்சு. ஒண்ணரை வருசத்துக்கு மேல. போனு இருந்த ஊட்டுப் பையன் போன்ல படிச்சான், இல்லை வெளையாடுனான். போனு இல்லாத ஊட்டுப் பையன் செங்கச்சூளைக்கும் தறிக்கும் போனான். அதைச் சரிக்கட்டத்தான் அந்த வருசம் அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வின்னு ஆரம்பிச்சாங்க. எங்கூர்லயும் ஒரு காலேஜுப் புள்ளை பொழுதோட மாரியாத்தா கோயல் மேடையில பசங்களை உக்கார வெச்சுக் கதை சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அப்பப் பாத்தேன், ஊடுங்கறது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சில ஊட்டுல அளக்கறதுக்குக் கம்பே இருக்காது.

இப்ப நான் சொல்லப் போறதைச் சிரிக்காமச் சொல்றேன், கேட்டுக்கோங்க.

நான் நாலாவது படிக்கறப்போ எனக்கு வகுத்தல் கணக்கு வரவே இல்லை. வாத்தியாரு அடிச்சும் வல்லை, எங்கய்யன் திட்டியும் வல்லை. எம்பக்கத்துல உக்காந்திருந்தவன் கீழ்வளவுப் பையன். காமராசர் 1956ல மதியச் சோறு போட ஆரம்பிச்சதுக்கப்பறம், அதுக்குன்னே பள்ளிக்கூடத்துக்கு வந்தவன். சிலேட்டுல எச்சைத் தொட்டு அழிச்சு அழிச்சு, கீழ எறக்கற நம்பரை எங்க எழுதோணும்னு அவன்தான் எனக்குக் காட்டிக் குடுத்தான். அன்னிக்கு வந்த வகுத்தல் இன்னிக்கு வரைக்கும் எனக்கு மறக்கலை. அந்தப் பையன் எங்கூட்டு ஆசாரத்துக்குள்ள கால் வெக்க முடியாது. வாசல்ல நின்னுதான் என்னையக் கூப்புடுவான். பின்னால தபாலாபீசுல வேலை கெடைச்சு, எங்கூட்டுக்குக் கடுதாசி கொண்டாந்து குடுத்ததும் அவன்தான். அப்பவும் திண்ணையோட நிப்பான். உள்ள வாடான்னு கூப்புட எனக்கு முப்பது வருசம் ஆச்சுங்க. எங்கய்யன் போய்ச் சேந்ததுக்கு அப்பறந்தான் எனக்கு வாயே வந்துச்சு. என்னைய அப்ப ஊட்டுலயே வெச்சுப் படிக்க வெச்சிருந்தா, முந்திரி, காணி, மாகாணி எல்லாம் வந்திருக்கும். அவன் வந்திருக்க மாட்டான்.

எரநூறு வருசம் முன்னால போனாலும் இதே கதைதான். 1822ல மன்றோ துரை மெட்ராஸ் ராஜதானியில எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பசங்கன்னு ஜில்லா ஜில்லாவாக் கணக்கு கேட்டாரு. மெட்ராஸ்ல பள்ளிக்கூடத்துல படிச்சவங்களை உட, ஊட்டுலயே படிச்சவங்க பல மடங்குன்னு கணக்கு வந்துச்சாமா. துரைக்கே அந்தக் கணக்கு மேல நம்பிக்கை வல்லை, தப்பிருக்கும்னு எழுதி வெச்சாரு. கணக்கு சரியோ தப்போ, ஊட்டுக்கு வாத்தியாரைக் கூப்புட்டுப் படிக்க வெச்சது எந்த ஊட்டுக்காரங்கன்னு நான் சொல்லோணுமா? வீட்டுக்கல்வி புதுசு இல்லை அம்மிணி. கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கறது நம்மாளுகளுக்கு நெம்பப் பழைய பழக்கம்.

இதைச் சொன்னதுக்கு அப்பறம் ஊட்டுல ஆரும் கொஞ்ச நேரம் பேசலை. அம்மிணி எந்திரிச்சு உள்ள போனா. காப்பி வராதுன்னு நெனைச்சேன். வந்துச்சு, சக்கரையோட.

ஒரு மாசத்துல சில மாத்தம் தானா நடந்துச்சு. கால அட்டவணை எங்க போச்சுன்னு தெரியலை, எங்கய்யன் போட்டோ பழைய ஆணிக்கு வந்துருச்சு. வெடியால ரெண்டு மணி நேரம் படிக்கறாங்க, எழுதறாங்க. பாக்கி நேரம் கடலை, ஆடு, கெணத்துமேடு. பேரன் காங்கேயம் போற பஸ்ஸு போர்டுலயும் கடைப் பேருலயும் எழுத்துக் கூட்டறான். 'பழனி'யில இருக்கற ழகரத்துக்கு நாக்கை மடிக்க ஆத்தாகிட்டக் கத்துக்கறேன்னு போயி, கடைசியில ஆத்தாளுக்கு அவன் சொல்லிக் குடுத்தான். நாலரை மணிக்கு மேல ஊர்ப் பள்ளிக்கூடம் உட்ட பசங்க ஏழெட்டுப் பேரு எங்க ஆசாரத்துக்கு வர்றாங்க. கீழ்வளவுல இருந்தும் வருது. அந்தத் தபால்காரன் பேத்தியும் வருது. அம்மிணி கதை படிக்கறா, வெள்ளைப் பலகையில பசங்க கிரிக்கெட்டு ரன்னு எழுதறாங்க. பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அந்தப் பசங்க சொல்லச் சொல்ல, எங்க ரெண்டும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்குதுக. வர்ற ஜூன்ல ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துடலாமான்னு ராத்திரியில பேச்சு நடக்குது. நான் தூங்கற மாதிரிப் படுத்துக்கறேன். அவங்க புள்ளை, அவங்க முடிவு.

அந்தப் பித்தளை மணியைக் கேக்கறீங்களா? கோணக்காது கழுத்துல கட்டியாச்சு. இப்ப அது எந்த வேலியில மாட்டுனாலும் சத்தம் வந்துரும்.

இதைப் படிக்கறவங்கள்ல பசங்களை ஊட்டுலயே படிக்க வெக்கலாம்னு நெனைக்கறவங்க இருந்தா, இந்த எட்டாங்கிளாஸ்காரன் மூணே மூணு கேள்வி கேக்கறேன். ஊட்டுல ஆளு இருக்குதா? காதுல ஒயரை மாட்டிக்கிட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்திருக்கறதை நான் ஆளுன்னு சொல்ல மாட்டேன். ஊட்டுல புள்ளை கூட நின்னு செய்யற மாதிரி நெசமான வேலை இருக்குதா? உங்க சாதி, உங்க சம்பளம் இல்லாத பசங்க உங்க கதவைத் தாண்டி உள்ள வர்றாங்களா? மூணுக்கும் ஆமான்னா, சட்டத்தையும் பரீட்சைத் தேதியையும் நல்லா விசாரிச்சுக்கிட்டு எறங்குங்க. ஒண்ணுக்கு இல்லைன்னாலும், புள்ளையைப் பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடத்துக்கே தாட்டுங்க. பொழுதோட வந்ததும் போனை அக்கட்ட வெச்சுட்டு, அரிசி அளக்கறப்போ கூட உக்கார வெச்சுக்கோங்க. அதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க வராது, பீசும் கெடையாது.